இரண்டு பொத்தான்களும் ஒரு புறாவும்

என் மகன் சிறுவனாயிருந்த காலத்தில் ஓராண்டு கணக்குப் போடுவதில் திடீரெனச் சுணங்கினான். வாரம் முழுதும் ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஒரு கதைப்புத்தகம் என்பது எங்கள் ஏற்பாடு. பரிசை நான் குறைக்கவில்லை. ஆகவே குற்றம் அவனுடையதே என்று முடிவு கட்டி, விருந்தினர் முன்னிலையில் 'சோம்பேறி' என்று கடிந்துகொண்டேன். அது பிழை என்பதைப் பிற்காலத்தில் புறாக்கள் எனக்கு உணர்த்தின.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்து ஹெர்ன்ஸ்டைன் என்னும் உளநூலறிஞர் 1961-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பெட்டிக்குள் ஒரு புறா. சுவரில் இரண்டு பொத்தான்கள். எதைக் கொத்தினாலும் எப்போதாவதுதான் தானியம் கிடைக்கும். எப்போது என்று முன்னறிய முடியாது. இருபுறமும் சராசரி 3 நிமிடத்துக்கு ஒருமுறை என வைத்தால், புறா ஏறத்தாழச் சரிபாதியாகக் கொத்திற்று. ஒருபுறம் தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்குமானால், கொத்தல்களிலும் ஏறத்தாழ அதே பங்கு அப்பக்கம் சென்றது.

'இதில் என்ன வியப்பு? அங்கே கொத்தினால் இங்கே கொத்த நேரமிராதே' என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். 1963-இல் கட்டானியா என்பவர் அந்த ஐயத்தையே சோதித்தார். இரண்டாம் பொத்தானில் தானியம் ஆயத்தமானதும் ஒளிக்குறி தோன்றும். ஒரு கொத்துப் போதும். மற்ற நேரமெல்லாம் முதற் பொத்தானுக்கே உரியது. ஆயினும் அங்கே கொத்துவது முன்போலவே குறைந்தது! குறைத்தது நேரப் பஞ்சமன்று. வேறிடத்தில் கிடைத்த வெகுமதியே.

ஒரே பொத்தான் இருந்தாலும் போட்டி நீங்குவதில்லை என்று 1970-இல் ஹெர்ன்ஸ்டைன் வாதித்தார். சிறகு கோதுவதும், உலாவுவதும் புறாவுக்குத் தத்தம் இன்பத்தைத் தருவனவே. தானியம் தாராளமாகக் கிடைக்குங்கால் இவை அதனை அசைப்பது அரிது. தானியம் அருகினாலோ, அற்பக் கவர்ச்சியும் கொத்தலை வெகுவாகக் குறைத்துவிடும்.

பையன் புறா அல்லன், அறிவேன். எனினும் அவ்வாண்டுதான் அடுத்த வீட்டுக்குக் கேரம் பலகை வந்திருந்தது. அவன் ஆடியது நாளுக்கு அரைமணி நேரமே. மாலை முழுதும் கணக்குக்கு இருந்தது. வாரம் ஒரு புத்தகம் என்ற என் பரிசோ மிக அரிதாக வந்தது. அன்றாடம் ஐந்து நிமிடம் அவனருகே அமர்ந்து நோட்டைப் பார்த்திருக்கலாம்.

அவனிடம் இதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தபோது அவன் கல்லூரியை முடித்திருந்தான். கேரம் பலகை அவனுக்கு நினைவில்லை. விருந்தினர் யார் யார் என்பது நினைவிருந்தது.