ஒளியிழை இணைப்பும் மின்வெட்டும்

நாவிதன்வெளியில் வீட்டுக்கு ஒளியிழை இணைப்பு எடுக்க எண்ணும் சகோதரர்கள் என்னிடம் வேகத்தையும் மாதக் கட்டணத்தையும்தான் விசாரிக்கிறார்கள். மின்வெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பழைய செப்புக் கம்பியில் தொலைபேசிக்கான மின்சாரமும் டெலிகொம் நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். ஒளியிழையோ கண்ணாடி நூல். வெளிச்சத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. சுவரில் பூட்டும் பெட்டி நம் வீட்டுக் கரண்டில்தான் இயங்கும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோமே! கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவி, கல்முனைக்குப் போக முடியாத நாளில் தொலைபேசியும் ஊமையானால் வியாபாரி யாரிடம் சரக்குக் கேட்பது?

எனவே பெட்டியின் வோல்ட் அளவுக்குப் பொருந்தும் சிறு பெற்றரி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். சுவர் மூலையில் இழையை மடித்து ஆணியடிக்க விடாதீர்கள். மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.