நோய்க்கு முன் வந்த செய்தி

2020 ஜூலை மாதத் தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து தனிமைப்படுத்தற் காலத்தையும் முடித்துக்கொண்டு கொழும்பு ஜிந்துப்பிட்டியிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பிய ஒருவருக்குக் கொரோனாத் தொற்று இருப்பதாகத் தெரியவர, அக்கம்பக்கத்தவர் 150 பேருக்கும் மேற்பட்டோர் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். நடந்த விஷயம் அவ்வளவே. ஆயினும் அந்த ஜனங்கள் பஸ்ஸில் ஏறி முடிவதற்குள், ஊர் முழுவதும் நோய் பரவிவிட்டதென்ற வதந்தி கைபேசிகளில் ஏறிவிட்டது. செட்டியார் தெருவில் வேலை பார்த்தவர்கள்கூடத் தங்கள் முகவரியைச் சொல்லத் தயங்கினார்கள்.

இத்தகைய செய்திகளை நம்பியவர்களை அறிவிலிகள் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், ஒரே குழாயையும் ஒரே கழிப்பறையையும் பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும், தோட்டம் எனப்படும் நகரக் குடியிருப்புகளில், ஊரடங்கினால் வெளியே செல்லவும் வழியற்று, பிள்ளைக்கு இருமல் கண்டால் யாரிடம் கேட்பது என்று ஏங்கியிருக்கும் ஒரு தாய்க்கு, இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தால் வைரஸ் செத்துவிடும் என்று சித்தியிடமிருந்து நள்ளிரவில் வரும் குரற்பதிவு, உறவின் ஆதரவாகவே வந்து சேருகிறது. கொத்தமல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதம் தரும், வைரஸைக் கொல்லாது. அதை நம்பி, மூச்சுத்திணறல் கண்ட பின்னும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்காமல் காத்திருப்பதிலேயே ஆபத்து இருக்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 8 ஆம் திகதி, கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில், தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தாம் தயாரித்த பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்றும், அதன் இரகசியத்தைக் காளி தேவியே தமக்கு அருளினாள் என்றும் கூறிய தம்மிக்க பண்டாரவின் வாசலில், இடைவெளி பேணும் விதிகளெல்லாம் மறந்துபோக ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியாயிற்று. நாட்டின் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவரே, முறையாகப் பரீட்சிக்கப்படாத ஒரு மருந்தை அருந்திக் காட்டிய பின்னர், சாமானியர் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அதைச் சந்தேகிப்பர்?

அதே வாரத்தில் கொழும்பில் இன்னொன்றும் நடந்தது. பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல், பெற்றோரின் சம்மதமின்றியே பொரளையில் எரிக்கப்பட்டது. கொரோனாவால் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது; அக்கூற்றுக்கு ஆதாரமில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இருந்தும், ஏப்ரலில் வெளியான வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கிற்று. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் வதந்தி என்று ஒதுக்கத்தக்க ஒரு கூற்று, அரச முத்திரை பெற்று வந்தமையால் சட்டமாயிற்று. உயர் நீதிமன்றத்தை நாடிய மனுக்கள் டிசம்பர் முதலாம் திகதி ஆரம்ப நிலையிலேயே தள்ளுபடியாயின. பொரளைக் கனத்தை மயான வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணி கட்டி முறையிட்டனர். 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கி, மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்தான். எரிக்கப்பட்டவர்களுக்கு அந்த மன்னிப்பினால் ஆவதொன்றுமில்லை. ஆகையால்தான், செய்தியைச் சோதிக்கும்போது அனுப்பியவரின் பதவியைப் பார்த்து அடங்கிவிடலாகாது என்று வற்புறுத்துகிறேன். கூறியவர் யார், எந்த ஆய்வைக் கொண்டு கூறினார், எந்தத் திகதியில் கூறினார் என்ற மூன்று கேள்விகளும் மந்திரிக்கும் பொருந்தும், மச்சானுக்கும் பொருந்தும்.

2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒரேயொரு உரையாடலுக்கு மாத்திரமே அனுப்பலாம் என்று வரையறுத்தது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி தென்பட்டால், அனுப்பியவர் அதை எழுதியவரல்லர் என்று கொள்க; சந்தேகமிருப்பின் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ கேட்டறிக.

தண்டனையால் பொய் ஒழியும் என்பாரும் உளர். அதிகாரிகளை விமர்சிப்போரையும் கைது செய்வதாகப் பொலிஸார் 2020 ஏப்ரலில் அறிவித்தனர். வெறுப்புக்கு எதிராக எழுதிய முகநூற் பதிவுக்காக அம்மாதமே கைதாகிப் பல மாதம் சிறையிருந்த ஒருவரின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. பொய்யான கூற்றுகளைத் தண்டிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல் வந்துள்ள இக்காலத்தில், அத்தீர்ப்பை நினைவில் வைத்தல் நன்று. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை ஒரு மாதத்துக்குள் நாடவேண்டும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அம்மாதத்தில் கணக்கிடப்படாது.

அதனினும் எளிய சாதனமொன்றும் நம் கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு மருந்து எந்த ஆய்வின்பேரில் அனுமதிக்கப்பட்டது, நம் தோட்டம் எக்காரணத்தால் முடக்கப்பட்டது என்பனவற்றைச் சம்பந்தப்பட்ட அரச நிறுவனத்திடம் தமிழிலேயே கேட்கலாம்; பதில் 14 வேலை நாட்களுக்குள், உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதாயின் 48 மணித்தியாலங்களுக்குள், கிடைக்கவேண்டும். எழுத இயலாத ஒரு பாட்டி வாய்மொழியாகக் கேட்டாலும், அதை எழுத்தில் பதிந்துகொள்வது அங்குள்ள தகவல் அலுவலரின் கடமை.