இணையவழிக் கால்நடை ஏலமும் காட்சித் தாமதமும்

சந்தைக்கு நேரில் சென்று மாடு ஏலம் கேட்போருக்கு, ஏலம் கூறுவோர் சொல்லும் விலை அக்கணமே செவியில் விழுகின்றது. வீட்டிலிருந்தபடியே இணையவழியாகக் கேட்போருக்கு அவ்வாறில்லை. அயர்லாந்து தேசத்தில் 2020-ஆம் ஆண்டு கொரோனா நோயின் காரணமாகச் சந்தைகளில் ஜனங்கள் கூடுவது தடைப்பட்டபோது, கால்நடை ஏலங்கள் பல இணையவழியாக நடைபெறலாயின. நோய் தணிந்த பின்னரும் அம்முறை நீடித்து வருகின்றது. இவ்வித ஏலத்தில் ஈடுபடுவோர், சந்தையின் காட்சி தமது திரைக்கு எவ்வளவு தாமதித்து வருகின்றதென்பதை முதலில் அறிதல் அவசியம். முப்பது விநாடி தாமதமாயின், திரையில் ஒரு காளை நின்றுகொண்டிருக்கும்போதே சந்தையில் அது விலைபோய்விட்டிருக்கக் கூடும்.

தாமதத்திற்குக் காரணம் காட்சியை அனுப்பும் முறையே. ஆப்பிள் கம்பெனியார் 2009-இல் வெளியிட்ட எச்.எல்.எஸ். முறையில் வீடியோவானது துண்டு துண்டாக நறுக்கி அனுப்பப்படுகின்றது. ஆதியில் ஒரு துண்டு பத்து விநாடி அளவினதாயிருந்தது. மூன்று துண்டுகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே காட்சி ஓடுவது வழக்கமாதலின், சுமார் 30 விநாடி தாமதம் நேர்ந்தது. கவலையில் சால் நிரம்பிய பின்பே மேலே வருவதை இதற்கு ஒப்பிடலாம். 2019-இல் செய்த திருத்தத்தால் துண்டுகள் மேலும் சிறு பகுதிகளாக அனுப்பப்பட்டு, தாமதம் சில விநாடிகளாகக் குறைந்தது. கையிருப்பு உள்ளமையால் காட்சி எளிதில் தடைப்படாது. ஆயிரக்கணக்கானோருக்குச் சொற்பச் செலவில் அனுப்பவும் இயலும்.

மற்றொன்று வெப்-ஆர்.டி.சி. என்னும் முறை. கூகிள் கம்பெனியார் 2011-இல் வெளியிட்ட இது, 2021 ஜனவரியில் சர்வதேச நியமமாக அங்கீகரிக்கப்பட்டது. வாய்க்கால் நீரைப்போல் இதில் காட்சி இடையறாது பாய்கின்றது. வழியில் தவறிய துணுக்கிற்காக நெடுநேரம் காத்திருப்பதில்லை. வசதியான இணைப்பில் தாமதம் பெரும்பாலும் அரை விநாடிக்கு உட்பட்டதே. சாதாரண பிரவுஸரே போதும். தனிக் கருவி வேண்டுவதில்லை. ஆயினும் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தனித் தொடர்பு வைத்தல் வேண்டுமாதலின் செலவு அதிகம். இணைப்பு நலிந்தால் படம் மங்கும்.

ஆகவே, விலை கேட்போருக்கு வெப்-ஆர்.டி.சி. முறையும், வேடிக்கை பார்ப்போருக்கு எச்.எல்.எஸ். முறையும் ஏற்றவை. ஏலம் நடத்துவோர் சந்தையிலிருந்து காட்சியை வெளியே அனுப்பும் இணைப்பின் வேகத்தை முன்கூட்டியே சோதித்தல் நலம். விலை கேட்போரும் ஒரு சோதனை செய்து கொள்ளலாம். விநாடி முள்ளுள்ள கடிகாரமொன்றைக் காமிராவின் முன் வைக்கச் செய்து, அதனோடு நேரம் ஒத்த மற்றொரு கடிகாரத்தைத் தமது திரையருகே வைத்து ஒப்பிட்டால் தாமதம் இவ்வளவென்று விளங்கும். கண்ட தாமதத்தைக் கணக்கிட்டு, தொலைவிலுள்ளோர் விலை கேட்க அவகாசம் அளித்த பின்னரே ஏலத்தை முடித்தல் முறையாகும். இதனால் வாங்குவோர் ஏமாற்றமடையார். விற்கும் குடியானவரும் கிடைக்கவேண்டிய விலையை இழவார்.