பாரிஸிலிருந்து வந்த கேம் பெட்டி... பிரிக்கும் முன் சில கேள்விகள்!

ஜூலை பிறந்துவிட்டால் புதுச்சேரியில் பல வீடுகளின் மாடி அறைகள் தூசு தட்டப்படும். பிரான்ஸில் பள்ளி விடுமுறை தொடங்கி, அங்கே குடியேறிய சித்தப்பாவும் அத்தையும் பிள்ளைகளோடு ஊருக்கு வரும் நேரம் அது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது; 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி உறுதியானது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த 'சொல்தா'க்கள் எனப் பலரின் குடும்பங்கள் இன்றும் இரண்டு ஊர்களில் கால் வைத்தே வாழ்கின்றன.

முன்பெல்லாம் வருகிறவர்களின் பெட்டியில் சென்ட்டும் சாக்லேட்டும் இருக்கும். இப்போது அவற்றோடு ஒரு பிளேஸ்டேஷனோ, நின்டெண்டோ ஸ்விட்ச்சோ வந்து இறங்குகிறது. ஆகஸ்ட் கடைசியில் உறவினர்கள் விமானம் ஏறியதும் வீட்டில் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. பதில் சொல்ல ஆளில்லாமல், ஆசையாக வாங்கி வந்த பரிசு ஷோகேஸில் பொம்மையாக நிற்பதும் உண்டு. அப்படி ஆகாமல் இருக்க, அடிக்கடி எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

"ஃபிரான்ஸ் மெஷின் நம்ம ஊரு கரன்ட்டுக்குத் தாங்குமா?"

தாங்கும். பிரான்ஸிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் போன்றவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பிளக் மட்டும்தான் வேறு. பிரெஞ்சு பிளக்கின் இரண்டு முனைகள் நம் சாக்கெட்டில் நுழைந்தாலும் லூஸாக ஆடும், தீப்பொறி பறக்கலாம். பிளேஸ்டேஷன் 5-க்கு '8' வடிவ முனையுள்ள சாதாரண ஒயர்தான். எலெக்ட்ரிக்கல் கடையில் நம் ஊர் பிளக்கோடு தரமான ஒன்றை வாங்கி மாட்டினால் போதும்.

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் மின்சாதனங்களுக்கு எதிரி. மெஷினை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். அதற்காகக் கதவு போட்ட டி.வி. ஸ்டாண்டுக்குள் அடைத்தாலும் சூடு வெளியேறாது. நாலு பக்கமும் காற்று போகும் மேடைதான் சரி.

"எல்லாமே ஃபிரெஞ்சுல வருதே... இங்க வாங்கற டிஸ்க் ஓடுமா?"

மெனுவின் மொழியை செட்டிங்ஸில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ் மெனு இல்லை. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் எந்த நாட்டில் வாங்கிய கேம் டிஸ்க்கும் ஓடும். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜும் அப்படியே. பழைய மெஷின்களை யாராவது கொடுத்தால்தான் உஷாராக இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2, வீ, 3டிஎஸ் போன்றவற்றில் நாட்டுப் பூட்டு உண்டு.

சினிமா டிஸ்க் கதை வேறு. டி.வி.டி-க்கு பிரான்ஸ் 2-ம் மண்டலம், இந்தியா 5-ம் மண்டலம். அங்கிருந்து வந்த மெஷினில் இங்கே வாங்கிய பட டி.வி.டி. ஓடாமல் போனால் மெஷின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

வாங்கப்போகும் உறவினரிடம் முன்பே சொல்ல முடிந்தால், டிஸ்க் போடும் மாடலையே கேளுங்கள். டிஸ்க் இருந்தால் நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், ஆடி முடித்ததை விற்கலாம். டவுன்லோடு செய்த கேமை அப்படிக் கைமாற்ற முடியாது.

"சித்தப்பா அக்கவுன்ட்லயே விளையாடலாமா?"

பெரும்பாலான சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். ஊருக்கு வந்த சித்தப்பா, குழந்தையின் அவசரத்தைப் பார்த்துத் தன் பிரெஞ்சு அக்கவுன்ட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிளேஸ்டேஷன் அக்கவுன்ட்டில் நாட்டை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற முடியாது. பிரெஞ்சு அக்கவுன்ட்டின் கடை யூரோவில் விலை சொல்லும். இந்திய கார்டைப் பொதுவாக ஏற்காது. அப்பாவின் கார்டு வேலை செய்யாது, சித்தப்பாவின் கார்டிலோ பணம் போய்க்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

வழி எளிது. முதல் நாளே அப்பா அல்லது அம்மா பெயரில் இந்திய அக்கவுன்ட் ஒன்று, அதன் கீழ் குழந்தைக்கு ஒரு சிறுவர் அக்கவுன்ட். சித்தப்பா ஏற்கெனவே வாங்கிய கேம்களையும் இழக்க வேண்டாம். அவர் தன் அக்கவுன்ட்டில் மெஷின் பகிர்வை இந்த பிளேஸ்டேஷன் 5-க்குக் கொடுத்தால், அந்த கேம்களை இங்குள்ள அக்கவுன்ட்டிலும் ஆடலாம். ஆனால், ஒரே ஒரு பிளேஸ்டேஷன் 5-க்குத்தான் அப்படிக் கொடுக்க முடியும். டிஸ்க்கோடு கூடுதலாக டவுன்லோடு செய்யும் பகுதிகளுக்கும் ஒரு விதி இருக்கிறது: டிஸ்க் எந்த மண்டலமோ, அக்கவுன்ட்டும் அந்த மண்டலமாக இருந்தால்தான் அவை சேரும்.

"அட்டையில 18-ன்னு போட்டிருக்கே, அது விலையா?"

வயது. ஐரோப்பாவில் 2003 முதல் 'பெகி' என்ற அமைப்பு 3, 7, 12, 16, 18 என எண் போட்டு வருகிறது. இது கேம் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்வதில்லை. அதில் என்ன காட்டப்படுகிறது என்பதைச் சொல்கிறது. கால்பந்து கேமில் 3 என்று இருந்தாலும் பத்து வயதுப் பிள்ளை அதில் திணறலாம். 18 போட்ட துப்பாக்கி கேமை அதே பிள்ளை அநாயாசமாக ஆடலாம். 'நல்லாத்தானே ஆடுறான்' என்பது அனுமதிக்கக் காரணம் ஆகாது. சிறுவர் அக்கவுன்ட்டில் வயது வரம்பு, தினசரி நேரம், மாதச் செலவு மூன்றையும் பெற்றோரே நிர்ணயிக்கலாம். ஸ்விட்ச்சுக்கு நேரத்தையும் வயதையும் கவனிக்க மொபைல் ஆப் இருக்கிறது.

"இதுவும் சூதாட்டம் மாதிரிதானா?"

பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் கேம் அதில் சேராது. ஆனாலும், சில கேம்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள். இதைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-ல் அறிவித்தது. மாதச் செலவு வரம்பை பூஜ்யத்தில் வைப்பது நல்லது.

விளையாட்டால் படிப்பு, தூக்கம், நட்பு எல்லாம் பாதிக்கப்பட்டும் நிறுத்த முடியாமல், அந்த நிலை பொதுவாக ஓராண்டு நீடித்தால் அதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விடுமுறையில் ரெண்டு மணி நேரம் கூடுதலாக ஆடுகிற பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டத் தேவையில்லை.

"சரி, இதனால என்னதான் நல்லது?"

பாரிஸில் வளரும் அண்ணன் மகனுக்குத் தமிழ் தடுமாறும். இங்கிருப்பவனுக்கு பிரெஞ்சு வராது. போனில் 'ஹாய்' சொன்னதும் பேச்சு தீர்ந்துவிடும். அதே இருவரையும் ஒரு கால்பந்து கேமில் ஒரே அணியில் விட்டால், பாதி தமிழ், பாதி ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் ஓடும். பெரும்பாலான கேம்களில் ஆன்லைனில் சேர்ந்து ஆடத் தனிச் சந்தா வேண்டும். இலவச கேம்கள் பலவற்றுக்கு வேண்டாம்.

நேரம்தான் இடிக்கும். குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவன் பள்ளி முடிந்து ஐந்து மணிக்கு வீடு திரும்பும்போது இங்கே இரவு ஒன்பதரை. ஆனால், பிரான்ஸில் சிறு பிள்ளைகள் பலருக்குப் புதன்கிழமை மதியம் பள்ளி கிடையாது. அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. புதன் மாலையை அதற்கென்று ஒதுக்கிவைக்கலாம்.

பெரியவர்களும் உட்காரலாம். கனடாவில் வாழும் தமிழர் உருவாக்கி 2023-ல் வெளிவந்த 'வெண்பா' என்ற கேம் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 இரண்டிலும் இருக்கிறது. 1988-ல் கனடாவில் குடியேறியிருக்கும் ஒரு தமிழ்த் தாய், அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வார்க்கிறாள். மகனோ மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகுகிறான். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்ற கேம் இது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த வரிசையில் செய்தால் இட்லி சரியாக வரும் என்று அதில் பேரப்பிள்ளை திணறும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பாட்டியைவிட்டால் யார் இருக்கிறார்கள்?