உப்பு வண்டிப் பாதையிலே

"கேரவன்" என்பது நமக்குப் புதிய சொல். ஆனால் அது குறிக்கும் வாழ்க்கை நமக்குப் புதியதன்று. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி இவற்றோடு சாலையில் ஓடும் வீட்டுக்கு இக்காலத்தார் அப்பெயர் வைத்திருக்கிறார்கள். மனைவி மக்கள் சகிதமாக வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற கூட்டத்தார் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர். உமணர் என்று பெயர். விற்ற சரக்கு உப்பு. அவர்களுடைய வண்டி வரிசையைச் சங்கப் புலவர்கள் "ஒழுகை" என்றார்கள். வண்டியோடு ஒரு பெண் குரங்கும் பிரயாணம் செய்து, உமணர் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடியதாகச் சிறுபாணாற்றுப்படையில் ஓர் அருமையான காட்சி உண்டு.

நானும் என் சகதர்மிணியும் சென்ற பங்குனியில் அத்தகைய நவீன வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, ஆரோவில்லிலிருந்து மரக்காணம் வரையில் கடற்கரைச் சாலையில் சென்று வந்தோம். மோட்டாரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் மூன்று தினங்கள் எடுத்துக்கொண்டோம். நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்!

ஆரோவில் 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி பிறந்த நகரம். 124 தேசங்களின் மண்ணை அன்று ஒரு தாழியில் இட்டார்கள். மழை அரித்துப் பாழ்பட்டுக் கிடந்த செம்மண் மேடு இன்று அடர்ந்த காடாக நிற்கிறது. அதைப்பற்றி எழுதியவர் பலராதலால் நாங்கள் காலையிலேயே கிழக்கே இறங்கிவிட்டோம். பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் கடல்.

மரக்காணத்தைத்தான் பழைய எயிற்பட்டினம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனும் விறலியரும் கடலோரமாக வந்து சேரும் பட்டினம் அது. அலைகள் ஒதுக்கிய வாசனைக் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப்போல் அங்கே கிடந்தனவாம். எங்கள் கண்ணுக்குக் கட்டையும் தென்படவில்லை, ஒட்டகமும் தென்படவில்லை. பிளாஸ்டிக் போத்தல்கள் மட்டும் வேண்டியமட்டும் கிடந்தன! சாலைக்கு மேற்கே கழுவெளி ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்குக் கிடைத்த பாக்கியம்!

பிறகு உப்பளம். கண்ணுக்கெட்டிய மட்டும் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியதுபோல் பாத்திகள். உப்பு நீரைத் தேக்கி, சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திருப்புகிறார்கள். கடல்நீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகே உப்பு பூக்கத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சி விட்டுவிட்டாலோ கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். சூரியனுடைய வேலைதான், ஆனால் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள மனிதர் வேண்டும்.

உப்பைப் பார்த்து 1930-ஆம் வருஷத்தை நினையாத தமிழர் உண்டோ? ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் நடந்த ராஜாஜி, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். கடல் தானாகத் தந்ததை அள்ளுவதும் அன்று குற்றம்! 1947 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் உப்பு வரி ஒழிந்தது. வரி கொடுத்தவருடைய பாரம் தீர்ந்தது. உப்பைத் தலையில் சுமப்பவருடைய பாரமோ அப்படியே இருக்கிறது. அதை மரக்காணத்து வரப்பின்மேல் கண்ணாரக் கண்டோம்.

விடியுமுன் வந்தவர்கள், நாங்கள் போய்ச் சேரும்போது பாதி நாள் வேலையை முடித்திருந்தார்கள். ஆடவர் நீண்ட காம்புள்ள பலகையால் உப்பை வாரி ஒதுக்க, ஸ்திரீகள் கூடையில் சுமந்து கரையில் குவிக்கிறார்கள். கால்களில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு நீர். வெண்மையோ கண்ணைப் பிடுங்குகிறது.

"கண்ணு கூசலையாம்மா?" என்று என் மனைவி ஒரு மூதாட்டியைக் கேட்டாள்.

"கூசத்தான் செய்யுது. ஆனா வெயிலுதாம்மா எங்களுக்குச் சோறு. ஒரு மழை புடிச்சுதுன்னா அம்புட்டும் கரைஞ்சு பூடும்."

ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் மூடிக்கிடக்கும். அக்காலத்துக்கென்று சர்க்கார் சில வருஷங்களாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்துவருகிறது. நல்ல காரியம்தான், ஆயினும் அதைக்கொண்டு எத்தனை நாள் அடுப்பெரியும் என்பதை நம் வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

புறப்படும்போது, வண்டிச் சமையலுக்கு ஒரு படி உப்பு வாங்கிக்கொள்ள எண்ணி, "என்ன விலை?" என்று கேட்டேன்.

மூதாட்டி சிரித்தாள். "எனக்கு எப்படித் தெரியும் ஐயா? நான் சொமக்கிறவ. கடையிலே கேளுங்க, நானும் பாக்கெட்டு உப்பு அங்கேதான் காசு குடுத்து வாங்கறேன்."