நூற்பாலைக் கூலியை நிர்ணயிப்பது எது?

வேலைக்குத் தக்க கூலி என்று சொல்லுதல் எல்லோருக்கும் எளிது. ஆயின் நூல் ஒன்றாயிருக்க, அதை நூற்பவர் பெறும் ஊதியம் ஆலைக்கு ஆலை வேறுபடுவானேன்? சென்ற நூற்றாண்டில் மதுரை ஹார்வி மில்லிலும் கோயமுத்தூர் ஆலைகளிலும் நிரந்தரத் தொழிலாளிகளுக்குச் சங்கம் இருந்தது, பஞ்சப்படியும் இருந்தது. பின்னர் திண்டுக்கல் ஜில்லாவில் வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிப் பூமியில் புதிய ஆலைகள் பெருகின. அவற்றில் புகுந்த இளம் பெண்களிற் பலருக்கு அவ்விரண்டும் கிட்டவில்லை. "பயிலுநர்" என்ற பெயரே கிட்டியது. அறுந்த இழையை முடியச் சில மாதப் பழக்கம் போதும். மூன்றாண்டு பயில அதில் என்ன வித்தை உளதோ, முதலாளிகளே அறிவர்.

தேவையும் வரத்தும் கூலியை நிர்ணயிக்கும் என்பர் பொருளாதார சாஸ்திரிகள். முழுப் பொய்யன்று, ஆனால் அதற்குச் சந்தை வேண்டும். அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போகிறவன், ஒரு வியாபாரி கேட்கும் விலை பிடிக்காவிடில் அடுத்தவனிடம் போகிறான். உழைப்பை வாங்குவோன் ஒருவனேயாயின் கூலி அதன் மதிப்புக்குக் கீழே தாழும் என்பதை 1933-இல் ஜோன் ராபின்ஸன் என்னும் ஆங்கில அம்மையார் விளக்கினார். ஆலைகள் பல இருந்தும், ஒரு பெண்ணுக்கு ஒரே முதலாளி என்ற நிலைமையை உண்டாக்க முடியும். "சுமங்கலித் திட்டம்" செய்தது அதுவே.

மாதந்தோறும் சிறு தொகை. மூன்றாண்டு முடிவில் 30,000 அல்லது 50,000 ரூபாய், கலியாணச் செலவுக்கு. தகப்பனார் காதுக்கு இது தர்மமாகவே தொனித்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: 30,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 833 ரூபாய். அது சன்மானமன்று, அவள் கூலியிலேயே பிடித்து வைத்த பகுதி. முப்பதாம் மாதத்தில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அத்தொகை பெரும்பாலும் போயிற்று. விடுதியோ ஆலை வளாகத்துக்குள். வெளியே போக அனுமதி வேண்டும். அடுத்த ஆலையில் என்ன தருகிறார்கள் என்று கேட்கக்கூட வழியில்லாதவள் எந்தக் கூலியைப் பேரம் பேசுவாள்?

மறு பக்கத்தையும் இந்த ஜில்லாவே காட்டியது. 100 நாள் வேலைத் திட்டம் 2006-இல் தமிழகத்தில் முதன்முதலாக வந்த ஜில்லாக்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். உடனே காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. சிறு குடியானவரின் கஷ்டத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் ஆள் கிடைக்காமை என்பதன் பொருள் யாது? பழைய கூலிக்கு வர மறுக்க ஏழைக்கு இன்னொரு வாயில் திறந்தது என்பதே.

சட்டமும் வந்தது, தாமதமாகவே பலித்தது. நூற்பாலைப் பயிலுநருக்குக் குறைந்தபட்சக் கூலியை மாகாண ஸர்க்கார் 2008-இல் நிர்ணயித்தனர். ஆலையதிபர்கள் வழக்காடினர். அவ்வுத்தரவு செல்லுமென்று சென்னை ஹைக்கோர்ட் தீர்ப்பளித்தது 2016-இல். இடையில் எட்டாண்டுகள், மூன்றாண்டுப் பயிலுநர் வகுப்பு இரண்டுக்கு மேல் வந்து போயிருக்கும்.

பிடித்து வைக்கும் தொகை எப்பெயரில் இருந்தாலும் அதை மாதச் சம்பளத்தோடு கொடுக்கச் செய்ய வேண்டும். தொழிலாளர் இலாகா அதிகாரிகள் ஆலைக்குப் போகும்போது சம்பளப் புஸ்தகத்தை மட்டும் பாராமல், விடுதி வாயிற் புஸ்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு கோருகிறோம்.