தாத்தாவின் காரை வெட்டலாமா?

ஊரில் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் சில உண்டு. எங்கள் வீட்டு வழக்கு அவர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

சித்தூரில் எங்கள் தாத்தா விட்டுச் சென்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான கார், 948 சி.சி. எஞ்சின். பேரப்பிள்ளைகளை அடைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய்வந்த வண்டி அது. இப்போது மாமா மகன்கள் இருவரில் பெரியவன், "இருந்தபடியே பழுது பார்ப்போம்" என்கிறான். சின்னவனோ சேஸிஸைக் குறுக்கி, பெரிய எஞ்சின் வைத்து, இருவர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க வேண்டும் என்கிறான். பணம் அனுப்ப வேண்டியவன் நான்!

சின்னவன் ஆசையிலும் நியாயம் உண்டு. ஹெரால்டை வடிவமைத்த இத்தாலியர் மிக்கெலோட்டிதான் 1962-இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரையும் வடிவமைத்தார். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் அதை அமைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு சேஸிஸ் மேல் பழைய எம்.ஜி. போன்ற பாடி பொருத்தி நகல் கார்களும் கட்டினார்கள். நகலை நகல் என்றே சொல்லி ஓட்டினால் அதில் குற்றமில்லை.

ஆனால் கம்பெனி கணக்கிட்டுச் செய்வது வேறு. டிங்கரிங் பட்டறையில் வெட்டி ஒட்டுவது வேறு. ஹெரால்டை வளைவில் வேகமாகத் திருப்பி, சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பழைய பிரேக்கும் பெரிய எஞ்சினுமாகத் திருமலை மலைப்பாதையில் இறங்குவதை எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது கடந்த கார், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இல்லாமல் இருந்தால், ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி நம்பர் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த நம்பருடன் அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. வெட்டிய காருக்கு அந்தத் தகுதியே போய்விடும்.

ஆகவே பிரேக், வயரிங், துருப்பிடித்த தகடு ஆகியவற்றுக்கு மட்டும் பணம் தருவதாகச் சொல்லிவிட்டேன். வண்ணமும் சீட் துணியும் சின்னவன் விருப்பம். அவற்றை நாளை மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய சேஸிஸ் திரும்பி வராது.

அன்பர்களே, ஊருக்குப் பணம் அனுப்புமுன் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, பட்டறையில் எதை வெட்டப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.